இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் பீட்டாத் தடுப்பு மருந்துகள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது ஆன்றோர் வாக்கு. குதிர் நிறைய நெல் இருக்கலாம். கொல்லை நிறையத் தென்னை இருக்கலாம். உடலில் நலம் இல்லையேல் அவற்றை அனுபவிப்பது எங்ஙனம்? நம் தஞ்சை மாவட்டத்தில் இன்று பல வீடுகளில் கடிகாரத்துக்குக் கீழே ஒரு மாத்திரை டப்பா இருப்பதைக் காண்கிறோம். "அது பாட்டியின் பிரஷர் மாத்திரை, எடுக்காதே" என்று அம்மா அதட்டுவார்கள். அந்தச் சிறு மாத்திரை உடலுக்குள் சென்று என்ன செய்கிறது? மாணவிகளாகிய நாம் அதை அறிந்துகொள்வது தேர்வுக்கு மட்டுமன்று, வீட்டுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

120 என்னும் எண்

காவிரிப் பாசனப் பகுதியில் பிறந்த நமக்கு 120 என்ற எண்ணைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. 'மேட்டூர் 120 அடியை எட்டியது' என்ற செய்தி வந்தால் நம் தாத்தாக்களின் முகம் மலர்கிறது. மருத்துவரிடம் சென்றாலும் அதே எண்ணைத்தான் கேட்கிறோம். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களின் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 120/80 என்ற அளவில் இருக்கும். அணைக்கு 120 நிறைவைக் குறிக்கிறது. உடலுக்கு 120 அமைதியைக் குறிக்கிறது. மருத்துவமனையில் பலமுறை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதனை உயர் இரத்த அழுத்தம் என்கிறார்கள். மக்கள் வழக்கில் இதுவே இரத்தக் கொதிப்பு. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். இரத்தம் உண்மையில் கொதிப்பதில்லை. அது குழாய்ச் சுவரை அளவுக்கு மீறி நெருக்குகிறது, அவ்வளவே.

இரண்டு எண்கள் எதற்கு? இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்து மீண்டும் நிரம்பும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். இவை பாதரசத்தின் மில்லிமீட்டர் உயரத்தில் சொல்லப்படுகின்றன. பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. ஆகவே 120 மில்லிமீட்டர் பாதரசத்தின் அழுத்தம் நீரை ஏறத்தாழ 163 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தாங்கி நிறுத்தும். நம் வகுப்புத் தோழியர் பலரின் உயரத்தைவிட இது அதிகம்! ஒரு கைப்பிடி அளவே உள்ள இதயம் இந்த வேலையை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை செய்கிறது என்றால் வியப்பன்றோ?

வாய்க்காலும் இரத்தக் குழாயும்

கல்லணையில் காவிரி நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிவதைச் சுற்றுலா சென்றபோது கண்டிருக்கிறோம். அங்கிருந்து கிளை ஆறுகளும், வாய்க்கால்களும், கன்னிகளும் பிரிந்து பிரிந்து கடைசி வயலுக்கு நீரைக் கொண்டு சேர்க்கின்றன. நம் உடலிலும் அவ்வாறே. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி பல தமனிகளாகவும், நுண்தமனிகளாகவும், மயிரிழையினும் மெல்லிய தந்துகிகளாகவும் பிரிகிறது.

ஒரு வாய்க்காலில் நீரின் அழுத்தம் எப்போது கூடும்? மேலிருந்து வரும் நீர் மிகுந்தால் கூடும். கீழே மதகுகளைப் பாதி மூடிவிட்டாலும் கூடும். இரண்டும் ஒன்றாக நேர்ந்தால் கரை உடையும். இரத்த அழுத்தமும் இந்த இரண்டையே பொறுத்தது. நிமிடந்தோறும் இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவு ஒன்று. நுண்தமனிகள் எவ்வளவு இறுகியுள்ளன என்பது மற்றொன்று. ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர். துடிப்பு மிகுந்தாலும், துடிப்பின் வேகம் மிகுந்தாலும், குழாய்கள் இறுகினாலும் அழுத்தம் ஏறும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் மருந்தின் வேலை எளிதில் விளங்கும்.

அளக்கக் கற்றுக்கொண்ட கதை

நாடி பிடித்து நோயறியும் கலையில் நம் முன்னோர் வல்லவர்கள். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தி, கைகண்ட மருந்து முறைகளைத் தொகுக்கச் செய்தார். 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற பெயரில் அவை சரஸ்வதி மகால் நூலகத்தின் வாயிலாகப் பின்னர் வெளியாயின. எனினும் நாடியால் துடிப்பின் தன்மையை உணரலாமே தவிர, அழுத்தத்தை எண்ணாகச் சொல்ல இயலாது.

முதன்முதலில் அதை அளந்தவர் ஒரு மதகுரு என்பது நம் பள்ளியினருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரின் பங்கு குருவாக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர், ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் அதில் எட்டு அடிக்கும் மேலே ஏறி நின்று, துடிப்புக்கு ஏற்ப ஏறி இறங்கியது. 1733இல் அவர் இதனை நூலாக வெளியிட்டார். மனிதருக்கு இம்முறை ஒத்துவராது அல்லவா? 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி, கையில் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையை உருவாக்கினார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரொட்காவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கும் முறையைச் சொன்னார். பட்டை இறுகும்போது இரத்த ஓட்டம் நின்றுவிடும். காற்றை மெல்ல விடும்போது, ஷட்டரைச் சற்றே தூக்கியதும் அடியில் நீர் சீறிப் பாய்வதுபோல, இரத்தம் பாய்ந்து 'டப், டப்' என ஓசை எழும். ஓசை தொடங்கும் இடம் மேல் எண். ஓசை மறையும் இடம் கீழ் எண்.

ஓசையின்றி வரும் பகை

உயர் இரத்த அழுத்தத்தின் பெருந்தீமை, அது சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதே. பெரும்பாலோர்க்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வயலில் நாற்று நடுகிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள், திருவிழாவில் தேர் இழுக்கிறார்கள். ஆனால் உள்ளே, எலி வளை தோண்டிய வரப்புப்போல, குழாய்ச் சுவர் சிறிது சிறிதாகக் கெடுகிறது. எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவர் தடிக்கிறது. மூளையில் குழாய் வெடித்தாலோ அடைபட்டாலோ பக்கவாதம் வருகிறது. சிறுநீரகம் பழுதாகிறது, கண்ணின் விழித்திரை பாதிக்கப்படுகிறது. ஆகவே அளந்து பார்த்தாலன்றி இந்நோயை அறிய வழியில்லை.

உடலின் அவசரத் தந்தி

இனி மருந்துக்கு வருவோம். அதற்குமுன் உடலின் ஒரு பழக்கத்தை அறிய வேண்டும். வினாத்தாளைக் கையில் வாங்கும்போது நெஞ்சு படபடக்கிறதே, ஏன்? வரப்பில் நடக்கும்போது காலடியில் பாம்பு நெளிந்தால் கைகால் நடுங்குகிறதே, ஏன்? சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. பரிவு நரம்புகளின் நுனியிலிருந்து நார் அட்ரினலின் சுரக்கிறது. 'ஓடு அல்லது எதிர்த்து நில்' என்று உடல் முழுவதற்கும் அனுப்பப்படும் அவசரத் தந்தி இது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சுக் குழல் விரிகிறது, அழுத்தம் ஏறுகிறது.

அட்ரினல் சுரப்பியின் சாறு இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பதை 1894இல் ஆலிவர், ஷேஃபர் என்ற இரு ஆங்கிலேயர் கண்டறிந்தனர். பிறகு ஒரு புதிர் தோன்றியது. அதே அட்ரினலின் ஓரிடத்தில் தசையைச் சுருக்குகிறது, வேறோரிடத்தில் தளர்த்துகிறது. ஒரே தந்தியை வாங்கிய இரு வீட்டார் இரு விதமாக நடப்பானேன்? 1948இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவைச் சேர்ந்த ரேமண்ட் ஆல்குவிஸ்ட் விடை சொன்னார். செல்களின் மேல் இரு வகை ஏற்பிகள் உள்ளன என்றும், அவற்றை ஆல்பா, பீட்டா என அழைக்கலாம் என்றும் அவர் கூறினார். பின்னர் பீட்டாவிலும் பிரிவுகள் உண்டு எனத் தெரிந்தது. இதயத்திலும் சிறுநீரகத்திலும் மிகுதியாக உள்ளது பீட்டா 1. மூச்சுக் குழல்களில் மிகுதியாக உள்ளது பீட்டா 2.

பூட்டும் சாவியும்

ஏற்பி என்பதை ஒரு பூட்டு என்று கொள்வோம். அட்ரினலின் அதற்குரிய சாவி. சாவி நுழைந்து திரும்பினால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி வாகனம் பெருகுகிறது. அதன் விளைவாக இதயத் தசைச் செல்லுக்குள் கால்சியம் மிகுதியாக நுழைகிறது. கால்சியம் மிகுந்தால் தசை வலுவாகச் சுருங்கும், துடிப்பும் விரையும்.

பீட்டாத் தடுப்பு மருந்து, அதே பூட்டில் நுழையக்கூடிய, ஆனால் திரும்பாத ஒரு சாவி. அது பூட்டின் துவாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. உண்மையான சாவி வந்தாலும் உள்ளே போக இடமில்லை. சுரப்பி தந்தியை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது, வாங்குவார் குறைவு. இதில் போட்டியும் உண்டு. அட்ரினலின் மிக மிகுதியாக வந்தால் சில பூட்டுகளை மீட்டுக்கொள்ளும். எனவேதான் இம்மருந்தை உண்பவர் மாடிப்படி ஏறும்போதும் இதயத் துடிப்பு சற்றுக் கூடவே செய்கிறது. முன்போல் பாய்ந்து ஏறுவதில்லை.

நம் நாட்டு வேர் ஒன்று

இம்மருந்து வருவதற்கு முன்பே இரத்தக் கொதிப்பை அடக்க ஒரு மூலிகையை உலகுக்குக் காட்டியது நம் பாரத நாடு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை, பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் சித்தக் கலக்கத்துக்கும் நெடுங்காலமாக வைத்தியர்கள் தந்து வந்தனர். அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் தம் அனுபவத்தை வெளியிட்டதும் உலக மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தனர். 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது.

ரெசர்பினும் பீட்டாத் தடுப்பு மருந்தும் ஒரே வேலையை இரு வழியில் செய்கின்றன. ரெசர்பின், நரம்பு நுனியில் சேமித்து வைத்துள்ள நார் அட்ரினலினைக் காலி செய்துவிடுகிறது. அது ஏரியையே வற்றச் செய்வது போன்றது. பீட்டாத் தடுப்பு மருந்தோ ஏரியைத் தொடுவதில்லை. வயலின் மடையை மட்டும் அடைக்கிறது. ஏரியை வற்றச் செய்தால் வேண்டிய இடத்திலும் நீர் இராது அன்றோ? ரெசர்பினை மிகுதியாக உண்ட சிலருக்கு மனச்சோர்வும் மந்தமும் வந்ததால் அதன் உபயோகம் நாளடைவில் குறைந்தது.

ஜேம்ஸ் பிளாக் கண்ட வழி

பீட்டாத் தடுப்பு மருந்தை உருவாக்கியவர் ஸ்காட்லாந்தில் 1924இல் பிறந்த ஜேம்ஸ் பிளாக். தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலும் சில ஆண்டுகள் அவர் உடலியல் கற்பித்தார். அக்காலத்தில் இதய வலி உள்ளவர்களுக்கு, இதயத்துக்குச் செல்லும் இரத்தத்தை எப்படிக் கூட்டுவது என்றே எல்லோரும் சிந்தித்து வந்தனர். பிளாக் சிந்தனையைத் திருப்பிப் போட்டார். வரும் நீரைக் கூட்ட முடியாவிட்டால், பயிரின் தேவையைக் குறைக்கலாமே! தண்ணீர் குறைந்த ஆண்டில் நம் உழவர்கள் குறைந்த நீரில் விளையும் பயிருக்கு மாறுவதில்லையா? இதயத்தின் வேலையைக் குறைத்தால் அதற்கு வேண்டிய பிராணவாயுவும் குறையும். வலியும் தணியும் என்று அவர் கருதினார்.

அவர் குழுவினரின் முதல் மருந்து எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அவர்கள் மனம் தளரவில்லை. அடுத்து உருவாக்கிய புரொப்ரனலால் 1964இல் மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இது இதய வலிக்காகவே செய்யப்பட்டது. ஆனால் இம்மருந்து இரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்பதை அதே ஆண்டில் லண்டன் மருத்துவர் பிரையன் பிரிச்சர்டும் அவருடைய துணைவர் கில்லமும் எடுத்துக்காட்டினர். தேடியது ஒன்று, கிடைத்தது இரண்டு! 1988இல் பிளாக் நோபல் பரிசு பெற்றார். அவருடன் அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவருள் கெர்ட்ரூட் எலியன் ஒரு பெண்மணி. பெண் என்பதற்காகவே ஆய்வுக்கூடங்களில் வேலை மறுக்கப்பட்டவர் அவர். வேதியியல் கடினம் என்று சோர்வடையும் தோழியர் இவரை நினைவில் கொள்வார்களாக.

அழுத்தம் குறைவது எவ்வாறு?

நாம் முன்பு போட்ட கணக்கை இப்போது எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, இதயம். பீட்டா 1 பூட்டுகள் அடைபட்டதும் துடிப்பு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பின் வேகமும் தணிகிறது. மேட்டூரில் திறந்துவிடும் நீரைக் குறைத்ததுபோல் குழாய்களில் பாயும் இரத்தம் குறைகிறது.

இரண்டாவது, சிறுநீரகம். சிறுநீரகத்தில் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் உள்ளன. ரெனின் சுரந்தால் படிப்படியாக ஆஞ்சியோடென்சின் உண்டாகிறது. அது நுண்தமனிகளை இறுக்குகிறது. மேலும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தூண்டி, உப்பையும் நீரையும் வெளியேற விடாமல் உடலிலேயே நிறுத்தி வைக்கிறது. மிகை நீரைக் கடலுக்கு அனுப்பும் கொள்ளிடத்தின் ஷட்டரை இறக்கிவிட்டால் காவிரியின் கரை என்னாகும்? அதுதான் இங்கும் நிகழ்கிறது. ரெனின் சுரக்கும் செல்களிலும் பீட்டா 1 பூட்டுகள் உள்ளன. மருந்து அவற்றை அடைப்பதால் ரெனின் குறைகிறது, இறுக்கம் தளர்கிறது, தேங்கும் உப்பும் குறைகிறது.

மூன்றாவது, நரம்புகள். நரம்பு நுனியிலும் மூளையிலும் இம்மருந்துகள் ஓரளவு வேலை செய்து, நார் அட்ரினலின் வெளிப்படுவதைக் குறைக்கின்றன என்றும் அறிஞர்கள் கூறுகின்றனர். எல்லா மருந்துகளும் மூளைக்குள் ஒரே அளவில் செல்வதில்லை. புரொப்ரனலால் எளிதில் செல்கிறது, அட்டெனலால் குறைவாகவே செல்கிறது. இருப்பினும் இரண்டுமே அழுத்தத்தைக் குறைக்கின்றன. ஆகவே ஒரே ஒரு வழியை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மாத்திரையை விழுங்கிய சில மணி நேரத்திலேயே துடிப்பு குறைந்துவிடும். ஆனால் அழுத்தம் உடனே அந்த அளவுக்கு இறங்குவதில்லை. 'இரத்தம் குறைகிறதே' என்று உடல் முதலில் குழாய்களை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்கிறது. நாட்கள் செல்லச் செல்ல அந்த இறுக்கம் தளர்ந்து, முழுப் பயன் ஓரிரு வாரங்களில் தெரியவரும். "இரண்டு நாள் சாப்பிட்டேன், ஒன்றும் குறையவில்லை" என்று மாத்திரையை வீசுவோர் இதை அறிதல் வேண்டும். நடவு நட்ட மறுநாளே கதிரை எதிர்பார்ப்பது முறையாகுமா?

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

இம்மருந்துகளின் பெயர் பெரும்பாலும் 'லால்' என்ற ஒலியில் முடியும். புரொப்ரனலால், அட்டெனலால், மெட்டோபுரோலால், பைசோபுரோலால், கார்வெடிலால் என்பன சில. வீட்டில் உள்ள மாத்திரை அட்டையைப் படித்துப் பார்த்தால் எளிதில் கண்டுகொள்ளலாம்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இவை ஆபத்தானவை. மூச்சுக் குழல் விரியப் பீட்டா 2 பூட்டு திறக்க வேண்டும்; மருந்து அதையும் அடைத்தால் மூச்சுத் திணறல் வரும். அட்டெனலால் போன்றவை பெரும்பாலும் பீட்டா 1ஐ மட்டுமே நாடினாலும், முற்றிலும் அல்ல. எனவே 'எனக்கும் பிரஷர், உனக்கும் பிரஷர், என் மாத்திரையைப் போட்டுக்கொள்' என்று பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பது அன்பு அன்று, ஆபத்து. இதயத் துடிப்பு ஏற்கெனவே மிகக் குறைந்தவர்களுக்கும் இவை ஆகா. நீரிழிவு நோயாளிகளுக்குச் சர்க்கரை மிகவும் இறங்கும்போது படபடப்பும் நடுக்கமும் எச்சரிக்கை மணியாக ஒலிக்கும். இம்மருந்து அந்த மணியின் ஓசையை அடக்கிவிடும். வியர்வை மட்டும் தோன்றும். ஆகவே அவர்கள் கூடுதல் கவனத்துடன் இருத்தல் வேண்டும். சிலருக்குக் களைப்பும், கைகால் சில்லிடுவதும் உண்டாகலாம்.

தேர்வு பயம் நீங்க இதை விழுங்கலாம் என்று யாரேனும் சொன்னால், தோழியரே, செவி கொடுக்காதீர்கள். மருத்துவர் எழுதித் தராத மாத்திரை நமக்கு வேண்டாம்.

நடுவில் நிறுத்தினால்?

எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா ஆற்றங்கரைக் கிராமத்தில் விவசாயம் செய்பவர். இதய வலிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் சேர்த்து இவ்வகை மாத்திரை ஒன்றை உண்டு வந்தார். குறுவை அறுவடை மும்முரமாக நடந்த வேளையில் மாத்திரை தீர்ந்துவிட்டது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, கதிர் அறுத்து முடியட்டும்மா, அப்புறம் டவுனுக்குப் போய்க்கலாம்" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டார். நான்காம் நாள் களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உடன் இருந்தவர்கள் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதால் பிழைத்தார். நெல்லும் வீடு வந்து சேர்ந்தது. ஆனால் அதைத் தூற்ற அவரால் அந்த ஆண்டு இயலவில்லை.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? பூட்டுகள் நெடுநாள் அடைபட்டிருந்தால், 'செய்தி வரவில்லையே' என்று செல் கூடுதலாகப் பூட்டுகளைச் செய்து வைத்துக்கொள்கிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் பழைய பூட்டுகளும் புதிய பூட்டுகளும் ஒருசேரத் திறந்துகொள்கின்றன. அட்ரினலின் முன்னைவிடப் பெருவேகத்துடன் வேலை செய்கிறது. துடிப்பு பாய்கிறது, அழுத்தம் ஏறுகிறது, நெஞ்சு வலிக்கிறது, மாரடைப்பும் வரக்கூடும். ஆகவே இம்மருந்தை நிறுத்த வேண்டுமானால் மருத்துவரே சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவார். 'உடம்பு நன்றாக இருக்கிறது' என்பது மாத்திரையை நிறுத்தக் காரணம் அன்று; மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

இன்று இம்மருந்தின் இடம்

இரத்தக் கொதிப்பு என்றாலே பீட்டாத் தடுப்பு மருந்து என்றிருந்த காலம் உண்டு. பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில், பக்கவாதத்தைத் தடுப்பதில் அட்டெனலாலைவிட வேறு வகை மருந்துகள் மேம்பட்டவை எனத் தெரிந்தது. 2006இல் பிரிட்டன் தன் வழிகாட்டு முறையில் இதனை முதல் வரிசையிலிருந்து இறக்கியது. நம் நாட்டில் பெரும்பாலோர்க்கு முதலில் அம்லோடிபின், டெல்மிசார்ட்டன் போன்றவை தரப்படுகின்றன. ஆயினும் மாரடைப்பு வந்தவர், நெஞ்சு வலி உள்ளவர், இதயம் பலவீனமானவர், துடிப்பு ஒழுங்கற்றவர் ஆகியோருக்குப் பீட்டாத் தடுப்பு மருந்து இன்றும் அரிய துணைவன். கர்ப்பிணிகளின் இரத்தக் கொதிப்புக்கு, ஆல்பா, பீட்டா இரண்டையும் தடுக்கும் லேபிடலால் தரப்படுகிறது. எந்த மருந்து யாருக்கு என்பதை முடிவு செய்வது மருத்துவர் பணி.

நகரத்துக்குச் செல்ல நேரமில்லை என்ற குறையைப் போக்கவே, தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. இத்திட்டத்தின்கீழ்ப் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தம் அளந்து மாத்திரை தருகிறார்கள். அறுவடை நாளிலும் மாத்திரை கையில் இருக்க இதுவே நல்ல வழி.

நாம் செய்யக் கூடியவை

உப்புக்காக 1930இல் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நம் தஞ்சை மண் வழியாகத்தான் இராஜாஜியும் தொண்டர்களும் நடந்தார்கள். உரிமைக்காகப் பெற்ற உப்பை அளவோடு உண்பதும் நம் கடமையே. உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்கச் சொல்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சாம்பாரில் போடும் உப்பு மட்டுமன்று. ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர் மிளகாய், கருவாடு இவற்றில் மறைந்திருப்பதும் கணக்கில் சேரும்.

அழுத்தம் அளக்கும்முன் ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்திருக்க வேண்டும். அரைமணி நேரம் முன்னதாகக் காப்பி அருந்தலாகாது. அது கும்பகோணம் டிகிரி காப்பியாக இருந்தாலும் சரியே! கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். மூட்டு வலிக்கென்று கடையில் தாமாக வாங்கி விழுங்கும் சில வலி மாத்திரைகள் அழுத்தத்தைக் கூட்டும் என்பதையும் பெரியோரிடம் பணிவுடன் எடுத்துச் சொல்லலாம். நாள்தோறும் நடத்தல், புகையிலையை விலக்கல் என்பவை எல்லா மருந்துக்கும் துணை மருந்து.

அன்பான தோழியரே, மருந்தைக் கண்டுபிடிக்க ஒரு ஹேல்ஸும், வக்கீலும், பிளாக்கும் வேண்டியிருந்தனர். அம்மருந்தை நாள்தோறும் வேளை தவறாமல் கொடுக்க ஒரு பேத்தி போதும். மாதக் கடைசியில் அட்டையில் எத்தனை மாத்திரை மீதி உள்ளது என எண்ணிப் பார்ப்போம், தீருமுன் நினைவூட்டுவோம். கரை உடைந்தபின் மண் சுமப்பதினும், உடையுமுன் மதகைக் கவனிப்பதே அறிவுடைமை என்பதைக் காவிரிக் கரையில் வாழும் நாம் அறியாதவர்களா?